பெரிய பிடில்காரருக்கு, சிரித்துவிட்டவள் எழுதுவது

என்னங்க,

கலியாணமான நாளிலிருந்து உங்களை இந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டேன். கடைசி இரண்டு வருஷம் அதையே அடுக்களையிலிருந்து தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. நீங்கள் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வில்லுக்கு ரோசின் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். இப்போது எழுத்தில் கூப்பிடுகிறேன். இது எப்படியும் வந்து சேர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

நல்ல சேதி சொல்ல எழுதவில்லை. போன சனிக்கிழமை, அடையாற்றுக் கரையில் இருக்கிறதே கிளப், அங்கே உங்கள் பாண்டில், உங்கள் இடத்தில், உங்கள் பெரிய பிடிலைப் பிடித்துக்கொண்டு நின்று வாசித்தேன். இடைவேளையில் உங்களைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்தின பிறகும் கொஞ்சம் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் காது மடலெல்லாம் சுடுகிறது.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று கோயிலுக்குப் போனேன். வரிசையில் நின்றேன், என் முறை வருகிற சமயத்தில் திரும்பி வந்துவிட்டேன். அவர் என்ன செய்வார்? பத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். நான் குற்றம் செய்தது அவருக்கா? உங்களுக்கு.

மூடி வைக்காமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். சிரித்தது அத்தனை பேர் முன்னால். அழுவதை மட்டும் தலையணைக்குள் வைத்துக்கொண்டால் அது என்ன நியாயம்? இன்னொரு அவசரமும் இருக்கிறது. கிறிஸ்மஸ் நடனத்துக்கு வருகிறேனா, இனிமேல் எப்போதும் அந்த இடத்தில் நிற்பேனா என்று பெர்னாண்டஸ் மாஸ்டர் கேட்டிருக்கிறார். பாண்டை நடத்துகிறவர் அவர், பதில் இல்லாமல் விடமாட்டார். உங்களிடம் இதைச் சொல்லாமல் அவரிடம் நான் என்ன பதில் சொல்வது?

முதலில் ஊர் சேதி. நீங்கள் போனபோது பாஸ்காத் திருநாள் முடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் நாடே கைமாறிவிட்டது. கிளப்பில் ராஜா படத்தைக் கழற்றிவிட்டார்கள், சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். நடனம் மட்டும் போகவில்லை, இப்போது நம்மவர்கள் ஆடுகிறார்கள். வக்கீல், டாக்டர், தியாகராய நகரில் புது வீடு கட்டினவர்கள், அவர்களுடைய வீட்டுப் பெண்கள். காலில் தாளம் நிற்கிறதில்லை, பாவம். பேஸ் என்கிற நம் பெரிய பிடிலை ஓங்கி வாசித்தால்தான் அவர்களுக்கு அடி பிடிபடுகிறது. அரிசி இன்னும் ரேஷன்தான்.

உங்கள் அக்கா பிலோ நன்றாக இருக்கிறார். பள்ளிக்கூடம், பூசை, வீடு, மறுபடியும் பள்ளிக்கூடம். நானும் அவரும் இந்த வீட்டில் அதிகம் பேசிக்கொள்வதில்லை. உங்களைப் பற்றிப் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், வேறு எதைப் பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

உங்கள் காது விஷயத்தை இப்போது எழுதத்தான் வேண்டும், கோபப்படாதீர்கள். பத்து வருஷமாக இடது பக்கம் டிரம்பெட், வலது பக்கம் கோவிந்தனின் டிரம். காது என்ன இரும்பா, போகாமல் இருக்க? வெளியே தெரிந்தால் பாண்டிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்தீர்கள். மாதா படத்துக்கு முன்னால் நிற்க வைத்து என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். அக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது என்றீர்கள். நானும் மூச்சுவிடவில்லை.

அப்புறம் நாம் போட்ட நாடகம் இருக்கிறதே. பிடிலில் கட்டியிருப்பது ஆட்டு நரம்பு, கடல் காற்றுப் பட்டால் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். வீட்டில் நான் சுருதி சேர்த்துக் கொடுப்பேன். ஜட்காவில் பிடிலை ஏற்றினால் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே, நீங்கள் பின்னால் நடை. கிளப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் சுருதி போய்விடும். தூசி துடைக்கிற சாக்கில் துணியை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய் மறுபடியும் சேர்ப்பேன். ஆட்டம் நடக்கும்போது என்ன செய்வது? அதற்குத்தான் என் ஜெபமாலை.

மேடைப் பக்கத்துக் கதவோரம் ஒரு நாற்காலி. கறுப்பு மணி ஜெபமாலையும் கையுமாக நான். பாட்டுக்குப் பாட்டு நடுவில் நீங்கள் ஒவ்வொரு நரம்பாக மெதுவாகச் சுண்டிவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். முதல் நரம்பு சரியில்லை என்றால் ஜெபமாலையை நெற்றிக்குக் கொண்டுபோவேன். இரண்டாவது என்றால் உதட்டுக்கு, மூன்றாவது என்றால் நெஞ்சுக்கு, நாலாவது என்றால் மடிக்கு. வலது கையில் பிடித்தால் இறங்கியிருக்கிறது, இடது கை என்றால் ஏறியிருக்கிறது. நீங்கள் முறுக்காணியைத் திருப்பத் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்து, சரியானதும் சிலுவையை முத்தம் செய்வேன். ஆட வந்த ஒரு துரைசானி, இந்த இரைச்சலிலும் இவள் எவ்வளவு பக்தியாக ஜெபிக்கிறாள் என்று மாஸ்டரிடம் மெச்சிச் சொன்னாளாம். ஜட்காவில் திரும்பி வரும்போது நாம் எப்படிச் சிரித்தோம்! மாதா மன்னிக்கட்டும்.

புதுப் பாட்டு வந்தாலும் இதே கதைதான். கன்னியர் மடத்தில் ஹார்மோனியம் படித்தவள் என்பதால் எனக்கு நோட்டுத் தாள் பார்த்து வாசிக்க வரும். வீட்டில் நான் முதலில் பிடிலில் வாசித்துக் காட்டுவேன். நீங்கள் என் விரலைப் பார்த்தே இடம் பிடிப்பீர்கள். கையை முழுசாக வை, விரலை மட்டும் நீட்டாதே என்று என்னை அதட்டுவீர்கள். நுனி விரலால் சுண்டாதே, சத்தம் செத்துப்போகும், விரலின் பக்கச் சதையால் இழு என்பீர்கள். உங்களுக்காக வாசிக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் விளக்கிவிட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவசர அவசரமாக வருவேனே, அதுவும் உங்களுக்காக என்றே நினைத்தேன்.

நீங்கள் போன பிறகு பிடில் கூடத்து மூலையில் நின்றது. துணி போட்டு மூடச் சொன்னார் அக்கா. மூடினேன். நரம்பு தளர்ந்தால் கட்டை வளைந்துவிடுமே என்று அவ்வப்போது துணியை விலக்கிச் சுருதி சேர்த்தேன். சுருதி சேர்த்தால் சரிதானா என்று பார்க்க இரண்டு இழுப்பு இழுக்க வேண்டாமா? அப்படித்தான் ஆரம்பித்தது. அக்கா பள்ளிக்கூடம் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். முன்பெல்லாம் வளையல் கட்டையில் இடிக்கும், கழற்றி வைத்துவிட்டு வா என்பீர்கள். இப்போது இடிக்க ஒன்றுமில்லை.

போன மாதம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். உங்களுக்குப் பதிலாக வைத்திருந்த ஆள் பம்பாய்க்குப் போய்விட்டானாம், பிடிலை விலைக்குக் கேட்கலாமென்று வந்தார். வாசலில் நின்று கேட்டிருக்கிறார் மனுஷன், உள்ளே நான் வாசித்துக்கொண்டிருந்தது அவருக்கே தெரிந்துவிட்டது. விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மட்டும் வந்து நில்லுங்கள் மிஸஸ் சவரி என்றார். முடியாது என்றேன், துக்க வருஷம் முடியவில்லை என்றேன், கோயில் ஜனங்கள் காறித் துப்புவார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே தெரிந்தது, நான் போகத்தான் போகிறேன் என்று.

கறுப்புச் சேலையோடேதான் போனேன். உங்கள் இடம் பியானோவுக்குப் பின்னால், சுவரோரம். வாசிக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு, இடது முழங்காலை மட்டும் லேசாக ஆட்டிக்கொண்டு நிற்பீர்கள். அங்கேயே நிற்கலாமென்றுதான் போனேன். மாஸ்டர் விடவில்லை, முன்னால் வாருங்கள் என்றார். கறுப்புச் சேலை கட்டின பொம்பிளை, அவளைவிடப் பெரிய பிடில், இதைப் போய்ப் பின்னால் மறைப்பார்களா என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அடியில் இருக்கிற இரும்புக் கம்பியை என் உயரத்துக்கு உள்ளே தள்ளினேன். விரலில் கொப்புளம் வராமலிருக்கப் பிளாஸ்திரி சுற்றினேன். விளக்கு மூஞ்சியில் அடித்தது.

பயமெல்லாம் ஒரு பாட்டோடு போய்விட்டது. அதைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் கோவிந்தனின் டிரம்மும் என் விரலும் ஒன்றாக விழுந்தன. தரை அதிர்ந்தது கம்பி வழியாக வந்து என் முழங்காலில் தெரிந்தது. தப்பாகக் கால் போட்டுக்கொண்டிருந்த வக்கீல் ஒருத்தர், என் அடியைப் பிடித்துக்கொண்டு சரியாக ஆட ஆரம்பித்தார். நான் இந்தப் பக்கம் இழுத்தால் கூடமே இந்தப் பக்கம் வருகிறது. இப்படி ஒன்று இருக்கிறதென்று நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

இடைவேளைக்கு முந்தின பாட்டு முடிந்ததும் பிடிலை அந்தக் கம்பி மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடித்தேன். நீங்கள் வீட்டில் எனக்கு மட்டும் செய்து காட்டுவீர்களே, மேடையில் செய்யக் கூச்சப்படுவீர்களே, அதே சுற்று. கைதட்டினார்கள். அந்த நேரத்தில் நான் தாலியறுத்தவள் என்பது எனக்கு ஞாபகமில்லை. நீங்கள் செத்துப்போனது ஞாபகமில்லை. நீங்களே ஞாபகமில்லை.

இடைவேளையில் திரைக்குப் பின்னால் டீ கொடுத்தார்கள். மாஸ்டர் தோளைத் தட்டாத குறையாக என்னைப் புகழ்ந்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நம்ம சவரி வாசிச்சப்ப பேஸ் ஒரு தெருவுல போகும், நாம ஒரு தெருவுல போவோம். இன்னிக்குத்தான் எல்லாரும் ஒரே வீட்டுக்கு வந்து சேந்தோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏன் சிரித்தேன் தெரியுமா? கூச்சத்தில் சிரித்தேன், அவர் மனம் நோகக் கூடாதென்று சிரித்தேன் என்று என்னென்னவோ எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் பொய். சந்தோஷத்தில் சிரித்தேன். இரண்டு வருஷமாக அந்தப் பிடிலில் சரியாகக் கேட்டதெல்லாம் என்னுடைய காது. கைதட்டல் உங்களுக்கு, கதவோர நாற்காலி எனக்கு. கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள் பார் என்று உள்ளுக்குள் ஒருத்தி துள்ளினாள். உங்களைவிட நான் நன்றாக வாசிக்கிறேன் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று எத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். செத்துப்போன புருஷனோடு போட்டி போடுகிற பொம்பிளையை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பூசை முடிந்து நானும் அக்காவும் நடந்து வந்துகொண்டிருந்தோம். மேடையில் ஏறினதற்காகத் திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். பாண்டில் பிடில் வாசிக்கிற தாமஸ்தான் கோயிலில் நமக்குப் பாட்டும் பாடுகிறார், அவர் மூலம் எல்லாச் சேதியும் அக்காவுக்கு வந்துவிட்டிருந்தது. அக்கா நின்றார். குடையை மடக்கினார்.

"நீ வாசிச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, லூர்து. என் தம்பியச் சொல்லிச் சிரிச்சாங்களாமே. நீயும் சிரிச்சியாமே."

அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் யோசித்து வைத்திருந்த பதில் ஒன்றும் இதற்கு உதவவில்லை. நடுத்தெருவில் நின்றேன். மீன் கூடைக்காரி ஒருத்தி, இன்னா, வயிய வுடு என்று இடித்துக்கொண்டு போனாள். அடுத்த இரண்டு மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை மாஸ்டர் வீட்டில் ஒத்திகை. லஸ் பக்கம், மாடியில். பிடிலைக் கொண்டுபோகவில்லை, வெறுங்கையோடு போனேன். நான் வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவதாகத்தான் எண்ணம். மேலே ஏறினால் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், கோவிந்தன் வாய் ஓயாமல் யாரையோ கிண்டலடித்துக்கொண்டிருக்கிறான். கால்வாய்க் கரைக்காரன், அவன் வாய்க்குத் தப்பினவர்கள் இந்தப் பாண்டில் கிடையாது, உங்களுக்குத் தெரியாததா? அவர்கள் சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவருக்கு இரண்டு வருஷமாகக் காது கேட்காது, நீங்கள் யாரும் மனுஷரைக் கவனித்துப் பார்த்ததே இல்லை, காது கேட்காமல் அந்த அளவுக்கு வாசித்தவரைச் சொல்லி நீங்கள் சிரிக்கிறீர்களா, உங்களில் ஒருத்தர் பஞ்சை வைத்துக் காதை அடைத்துக்கொண்டு ஒரு பாட்டு வாசித்துக் காட்டுங்கள் பார்ப்போம் என்று என்னென்னவோ கத்தினேன். அவர் பேஸ் வேறு தெருவில் போகவில்லை, நீங்கள்தான் அவரை நடுத்தெருவில் விட்டுவிட்டீர்கள் என்றேன். மாதா முன்னால் கொடுத்த சத்தியம் போயிற்று. உங்கள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நீங்கள் மறைத்து வைத்ததை மாடியில் நின்று கூவினேன். சிரித்தது ஒரு துரோகம், இது அதற்குமேல் ஒன்று. சொல்லி முடித்த பிறகுதான் அது உறைத்தது.

மாஸ்டர் தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாமஸ் வில்லைத் தளர்த்தினார். கடைசியில் கோவிந்தன்தான் எழுந்து வந்தான். அவன் மூஞ்சியில் கிண்டல் இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னா அண்ணி, புச்சா சொல்ற மாதிரி சொல்லிக்கினு கீறீங்க. அண்ணாத்தைக்குக் காது கேக்காதுன்னு எங்க அல்லாருக்கும் தெரியும். உங்க ஜெபமாலையப் பாத்துத்தான் தாமஸே சுருதி சேத்துக்குவாரு."

நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மாஸ்டரின் அந்தத் தெருப் பேச்சு புதிதல்லவாம், உங்கள் மூஞ்சிக்கு நேராகவே வாரா வாரம் சொல்லுவாராம், நீங்களும் சிரிப்பீர்களாம். காது கேட்காதவர் எப்படிச் சிரித்தார் என்று கேட்டேன். உதட்டைப் பார்த்துச் சிரிப்பார் என்றான் கோவிந்தன். அவன் டிரம்மின் மிதியை ஓங்கி மிதித்துத் தரையை அதிரவிடுவானாம், அது கம்பி வழியாக உங்கள் காலுக்கு வரும் என்று நீங்களே சொல்லிக் கொடுத்தீர்களாம். அவர் முழங்கால் ஆடிச்சே, அது இன்னான்னு நெனச்சீங்க என்றான். முழங்காலை நான் பார்த்திருக்கிறேன். பழக்கதோஷம் என்று நினைத்தேன்.

அப்படியானால் என்னிடம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டேன். பியானோக்காரரே பக்கத்தில் இருக்கிறாரே, அவர் கண்ணைக் காட்டினால் போதாதா, நான் எதற்கு வாரா வாரம் ஜட்காவில் குலுங்கிக்கொண்டு வந்து ஜெபமாலையை வைத்துக்கொண்டு நாடகம் போட வேண்டும்?

கோவிந்தன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் தலையாட்டினார்.

"பியானோக்காரரு அப்பவே கேட்டாரு அண்ணி, நான் சுருதி குடுக்கறேன்னு. அண்ணாத்தை வேணாம்னுட்டாரு. நீ குடுத்தா அவ வூட்லயே குந்திக்குவாடா, அவ வரட்டும்னாரு. இந்தப் பிடிலத் தொட்டா அவ மூஞ்சி எப்படி ஆவுது தெரியுமா, என்னைக்காவது அவதான் இங்க நிக்கப்போறான்னு சொல்லுவாரு. அவகிட்ட வாயத் தொறந்தா உதைப்பேன்னாரு."

என்னங்க, இப்படியா செய்வார் ஒரு மனுஷர்?

நான் உங்களைத் தாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு வருஷம் திரிந்தேன். ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எவ்வளவு பெருமை எனக்கு! ஜட்காவில் வரும்போது நீங்கள் பின்னால் நடந்து வருவீர்கள், நான் இல்லாவிட்டால் இந்த மனுஷர் என்ன ஆவார் என்று பிடிலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்களோ அத்தனை பேரையும் ஊமையாக்கி வைத்துவிட்டு, எனக்கு அதைத் தொட ஒரு சாக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். புதுப் பாட்டை நீயே முதலில் வாசி என்றது உங்கள் விரலுக்காகவா, என் விரலுக்காகவா? இனி யாரைக் கேட்பேன்?

நேராகச் சொல்லியிருக்கலாமே, லூர்து, உனக்கு இது வருகிறது, வாசி என்று. சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன்தான். கோயில், ஊர், அக்கா, அடுப்பு என்று நூறு காரணம் சொல்லியிருப்பேன். உங்களுக்குக் காது கேட்காது என்று சொன்னதால்தான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் வந்தேன். என்னை என்னைவிடத் தெரிந்து வைத்திருந்தவரைச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன்.

வெட்கம் இன்னும் போகவில்லை. சிரித்ததற்கு ஒரு வெட்கம், சத்தியம் தவறினதற்கு ஒரு வெட்கம், எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் பக்கத்தில் இருந்தபோது உங்களைச் சரியாகப் பார்க்கவில்லையே என்கிற வெட்கம். சுருதியில் ஒரு இழை தவறினால் எழுந்து உட்காருகிற காது எனக்கு. ஆனால் நீங்கள் சுண்டிவிட்டு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஜெபமாலையைத்தான் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காது போனதிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன், சிரித்ததையும் ஏன் சிரித்தேன் என்பதையும் சேர்த்து. அடுப்பு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து உங்களுக்காக வாய்விட்டு அழுதோம். நீங்கள் போன நாளில்கூட அப்படி அழவில்லை. மன்னித்தேன் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிறிஸ்மஸ் நடனத்தன்றைக்குத் திரும்பி வர எவ்வளவு நேரமாகும், கதவைத் தாழ் போடாமல் வைக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அப்படியே எழுந்து நான் இங்கே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது சொல்கிறேன், முதலில் உங்களிடம். மாஸ்டருக்கு வருகிறேன் என்று சொல்லப் போகிறேன். உங்களுக்காக வாசிக்கிறேன், உங்கள் ஆத்துமத்துக்காக வாசிக்கிறேன் என்று ஊரிடம் சாக்குச் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் வாசிக்கிறேன். கறுப்புச் சேலையோடு முன்னால்தான் நிற்பேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன், இதையாவது காப்பாற்றுவேன். சவரியைவிட நீ நன்றாக வாசிக்கிறாய் என்று எவராவது என்னிடம் சொன்னால் இனிமேல் சிரிக்க மாட்டேன், தலையையும் குனிய மாட்டேன். ஆமாம் என்பேன். அது உங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே அவருக்குத் தெரியும் என்பேன்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
லூர்து